வீட்டுச் சிலந்தியும் பிள்ளைகளின் கண்களும்



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்பொழுதே நம் வீடுகளில் ஒட்டடைக்கோல் வெளியே வந்துவிடுகிறது. சாமி மேடைக்கு மேலுள்ள மூலை, கூடத்து மின்விசிறியின் தண்டு, அடுக்களை அலமாரியின் பின்புறம் என ஆண்டு முழுவதும் கண்டும் காணாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் அன்றுதான் விடிவுகாலம். அப்படித் துடைத்துக் கொண்டிருக்கும் வேளையில், அலமாரிக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று விருட்டென ஓடி வரும். உடனே ஓர் அலறல் எழும். ஒரு செருப்பு பறக்கும். அல்லது பூச்சிமருந்துப் புட்டி சீறும். சிலந்தியின் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால், அருகில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்த ஆறு வயதுப் பிள்ளையின் மனத்தில் அன்று ஒரு பாடம் பதிந்துவிடும்.

வீட்டுக்குள் சிலந்தியை வளர்க்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. வீடு மனிதர் வாழும் இடம். வேண்டாத உயிர்களை அங்கிருந்து அகற்றும் உரிமை வீட்டாருக்கு உண்டு. ஒட்டடை படிந்த வீடு யாருக்கும் அழகில்லை. ஆனால், எதை அகற்றுகிறோம், ஏன் அகற்றுகிறோம், எப்படி அகற்றுகிறோம் என்ற மூன்றையும் தெரிந்து செய்வதற்கும் அலறி அடித்துச் செய்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். அதுபற்றியே இக்கட்டுரை.

பெயரில் தொடங்கும் குழப்பம்

சிலந்திக்கு நம் பேச்சு வழக்கில் 'எட்டுக்கால் பூச்சி' என்று பெயர். பெயரிலேயே அதன் கால்களை எண்ணி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். ஆனால், வகுப்பறையில் அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இந்தப் பெயர் சற்றுத் தொல்லை தரும். பூச்சி என்றால் 6 கால்கள். தலை, மார்பு, வயிறு என உடலில் 3 பகுதிகள். சிலந்திக்கு 8 கால்கள். தலையும் மார்பும் சேர்ந்து ஒரு பகுதி, வயிறு மற்றொரு பகுதி என உடலில் 2 பகுதிகளே உண்டு. சிறகு இல்லை, உணர்கொம்பும் இல்லை. பெரும்பாலான சிலந்திகளுக்கு 8 கண்கள். ஆகவே, அறிவியல் கணக்குப்படி சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. அது தேள், உண்ணி ஆகியவற்றின் உறவு. தேர்வுத்தாளில் "சிலந்தி ஒரு பூச்சி" என எழுதும் மாணவனைக் கடிந்துகொள்வதற்கு முன், அவன் வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர் அது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொரு குழப்பமும் உண்டு. தமிழில் 'சிலந்தி' என்ற சொல் உடலில் தோன்றும் கட்டியையும் கொப்புளத்தையும் குறிக்கும். அகராதியைப் புரட்டினால் இரு பொருளும் அருகருகே இருக்கும். உயிருக்கும் நோய்க்கும் ஒரே பெயர் அமைந்ததால், தோலில் என்ன கொப்புளம் வந்தாலும் அதன் பழி இந்த எட்டுக்கால் உயிரின் மேல் விழுவது எளிதாகிவிட்டது. இந்தப் பழி எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் வீட்டில் குடியிருப்பவர் யார்?

மலேசிய வீடுகளில் நாம் வழக்கமாகக் காணும் சிலந்திகளைப் பிள்ளைகளுக்கு மூன்று குழுக்களாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, மூலைகளில் வலை கட்டும் மெலிந்த சிலந்தி. சிறிய உடல், மயிரிழை போன்ற நீண்ட கால்கள். கூரை மூலையிலும் கழிவறைக் கதவுக்குப் பின்னாலும் தலைகீழாகத் தொங்கிக் கொண்டிருக்கும். வலையை மெல்லத் தொட்டால், தன் உடலை விரைவாக ஆட்டிக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதபடி செய்துவிடும். அது அதன் தற்காப்பு முறை. பெண் சிலந்தி முட்டைகளை ஒரு சிறு உருண்டையாகக் கட்டி வாயில் கவ்வியபடி காத்திருக்கும். கொசு, சிறு பூச்சிகள், பிற சிலந்திகள் ஆகியன இதன் உணவு. நாம் ஒட்டடை என்று சொல்வது பெரும்பாலும் இவ்வகைச் சிலந்திகள் கைவிட்டுப்போன வலையில் தூசு படிந்ததுதான். ஆக, ஒட்டடை என்பது சிலந்தி காலி செய்துவிட்டுப் போன பழைய வீடு. அதைத் துடைப்பதில் எந்த உயிருக்கும் இழப்பில்லை.

இரண்டாவது, சுவரில் திடுமெனத் தோன்றிப் பெரியவர்களையும் அலற வைக்கும் பெரிய சிலந்தி. இதனை வேட்டைச் சிலந்தி எனலாம். அறிவியலில் ஹெட்டெரோபோடா வெனட்டோரியா என்பார்கள். காலை விரித்தால் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வரும். இது வலை கட்டி இரை பிடிப்பதில்லை. இரவில் ஓடித் துரத்திப் பிடிக்கும். உடல் தட்டையாக இருப்பதால் கதவிடுக்கிலும் அட்டைப் பெட்டிக்கு இடையிலும் எளிதாக நுழைந்துவிடும். பெண் சிலந்தி, காசு போன்ற வட்டமான வெண்ணிற முட்டைப் பையை வயிற்றுக்கு அடியில் சுமந்து திரியும். இதற்கு மிகவும் பிடித்த உணவு கரப்பான் பூச்சி. இந்தச் சிலந்தி அடிக்கடி கண்ணில் பட்டால், 'என் அடுக்களையில் கரப்பான் இருக்கிறதா?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, சன்னல் ஓரத்தில் துள்ளித் திரியும் சிறிய தாவும் சிலந்தி. முன்புறம் இரண்டு பெரிய கண்கள் இருக்கும். விரலை அருகில் கொண்டுபோனால், திரும்பி நம்மையே உற்றுப் பார்க்கும். சிலந்திகளில் மிகச் சிறந்த பார்வை கொண்டவை இவை. பாய்வதற்கு முன் ஓர் இழையை ஒட்டி வைத்துக்கொண்டு பாயும். தவறி விழுந்தாலும் அந்த இழை தாங்கிக்கொள்ளும். சிலந்தியைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு முதன்முதலில் அறிமுகம் செய்யத் தக்கது இதுவே.

சிலந்திகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு. பூச்சியைச் செயலிழக்கச் செய்ய அது அவற்றுக்குத் தேவை. ஆனால், மேற்சொன்ன மூன்று வகைகளும் மனித உயிருக்குக் கேடு விளைவிப்பவை அல்ல. வேட்டைச் சிலந்தியைக் கையால் பிடித்து நசுக்க முயன்றால் அது கடிக்கலாம், வலிக்கும், சிறிது வீங்கும். வழியிருந்தால் ஓடி ஒளிவதையே அது விரும்பும். எது கடித்திருந்தாலும் வீக்கம் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் செல்வதுதான் முறை.

கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு

இனி, முன்னர்ச் சொன்ன பழிக்கு வருகிறேன்.

பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரம் நெல்வயல்கள் சூழ்ந்தது. அங்குள்ள குடியிருப்புகளில் அறுவடைக் காலத்தில் இரவு விளக்கைச் சுற்றிச் சிறு பூச்சிகள் மொய்க்கும். அத்தகைய குடியிருப்பிலிருந்து வந்து படித்த மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஒருநாள் கழுத்தின் ஒரு பக்கம் முழுவதும் காவிமண் பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். மண்ணுக்கு அடியில் நீளமான சிவப்புக் கோடு. அதன்மேல் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள். பக்கத்து மாணவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அவன் அழவில்லை. ஆனால், அன்று முழுவதும் யாரோடும் பேசவும் இல்லை.

மாலையில் அவனை அழைத்துப்போக வந்த பாட்டியிடம் கேட்டேன்.

"எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு டீச்சர். அவன் படுக்கிற ரூம்பு மூலையில ஒன்னு இருந்துச்சு. அவங்கம்மா ராத்திரியே மருந்தடிச்சுக் கொன்னுட்டா. இருந்தாலும் பையன் அந்த ரூம்புக்குப் போகவே மாட்டேங்கறான்."

"கிளினிக்குக்குப் போனீங்களா பாட்டி?"

"இதுக்கு எதுக்கு டாக்டர்? அக்கிக்கு மண்ணு பூசுனா அடங்கிரும்."

எத்தனை வேதனைகள் ஒரு சிவப்புக் கோட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். உடலில் எரிச்சல், வகுப்பில் ஒதுக்கல், வீட்டில் தன் படுக்கையறையையே கண்டு அச்சம். பூச்சிமருந்து அடித்த அறையில் அன்றிரவு அவன் தம்பி விடாமல் இருமினான் என்பதும் பேச்சில் தெரிய வந்தது. "மண் பூசினது பூசினபடி இருக்கட்டும் பாட்டி, எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அவன் தாயார் அழைத்துச் சென்றார். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில், "இது சிலந்தி இல்லை, வண்டு" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வண்டை மலாய்க்காரர்கள் 'செமுட் காயாப்', 'செமுட் செமாய்' என்றெல்லாம் அழைப்பார்கள். 'செமுட்' என்றால் எறும்பு. பார்ப்பதற்கும் எறும்பு போலவே இருக்கும். 'சார்லி' என்ற பெயரும் நம் நாட்டில் பரவலாக உண்டு. உண்மையில் அது பெடரஸ் என்னும் ஒரு வண்டு. நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். உடலில் செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. அதன் உடல் நீரில் பெடரின் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. உறக்கத்தில் கழுத்தில் ஊர்வதை நாம் கையால் தேய்த்து நசுக்கும்பொழுது அந்த நீர் தோலில் படுகிறது. உடனே ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ ஒரு நாள் கழித்தே தோல் சிவந்து எரிந்து கொப்புளிக்கும். கை இழுத்த வழியெல்லாம் கோடாகத் தெரியும். கொப்புளம் தோன்றும் நேரத்தில் அந்த வண்டு அங்கே இருக்காது. மூலையில் சிலந்திதான் இருக்கும். ஆகவே, பழி அதன்மேல் விழுகிறது.

சிலந்தியின் கழிவு நம் சிறுநீர் போன்றதன்று. அது வெண்ணிறப் பசை போன்ற சிறு துளி. தோலைப் பொசுக்கும் நஞ்சு அதில் இல்லை.

தவறான உயிரைக் குற்றவாளியாக்குவதில் ஒரு பெரிய கேடு உண்டு. உண்மைக் காரணம் அப்படியே இருந்துவிடும். சிலந்தியைக் கொன்ற அந்த வீட்டில், சன்னலில் வலை இல்லை; படுக்கைக்கு மேலே வெள்ளை விளக்கு இரவு வெகுநேரம் எரிந்தது. அடுத்த வண்டும் அதே வழியில் வந்திருக்கும். மருத்துவர் சொன்னதைக் கேட்டு, அவர்கள் சன்னலுக்கு வலை அடித்தார்கள். விளக்கை முன்கூட்டியே அணைத்தார்கள். உடலில் ஊரும் சிறு பூச்சியை நசுக்காமல் ஊதித் தள்ள வேண்டும், நசுக்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கழுத்தில் ஒரு கருமை மட்டும் மிஞ்சியது. அவன் தன் அறைக்குத் திரும்புவதற்கு அதைவிடச் சில நாள்கள் கூடுதலாயின.

பாட்டி பின்னொரு நாள் என்னைப் பார்த்தபோது, "தோட்டத்துல இருந்த காலத்திலேருந்து அந்தப் பூச்சியைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம் டீச்சர். பாவம்" என்றார். அறுபது ஆண்டு நம்பிக்கையை ஒரு சொல்லில் மாற்றிக்கொள்ளும் பெருந்தன்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

சிலந்தி அச்சம் பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொள்வதா? இரண்டிலும் உண்மை இருக்கிறது. 2017-இல் ஐரோப்பாவில் 6 மாதக் குழந்தைகளுக்குச் சிலந்தியின் படத்தையும் பூவின் படத்தையும் காட்டி ஆராய்ந்தார்கள். சிலந்தியைப் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி கூடுதலாக விரிந்தது. ஒருவகை விழிப்புணர்வு நம்மோடு பிறக்கிறது என்பதற்கு இஃது ஓர் அறிகுறி. ஆனால், விழிப்பு வேறு, அச்சம் வேறு.

2002-இல் வெளிவந்த மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. 15 முதல் 20 மாதக் குழந்தைகளுக்கு ரப்பரால் செய்த பாம்பையும் சிலந்தியையும் காட்டினார்கள். அப்பொழுது தாய்மார் சில வேளை மலர்ந்த முகத்தோடும், சில வேளை அஞ்சி அருவருத்த முகத்தோடும் இருந்தார்கள். தாய் முகம் சுளித்த பொம்மையைக் குழந்தைகள் தவிர்த்தன. சிறிது நேரம் கழித்து, தாய் இயல்பான முகத்தோடு இருந்தபொழுதும் அந்தத் தயக்கம் நீங்கவில்லை. தாய் ஒரு சொல்லும் விளக்கவில்லை; முகம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதை நினைக்கும்பொழுதெல்லாம் நம் முந்தைய தலைமுறையின் விளையாட்டு ஒன்று நினைவுக்கு வரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலியோரச் செடிகளில் இலையை இலையோடு ஒட்டிக் கூடு கட்டும் ஒருவகைத் தாவும் சிலந்தியைப் பிடித்து, தீப்பெட்டிக்குள் பச்சை இலையோடு வைத்துச் சிறுவர்கள் வளர்த்தார்கள். இரண்டு ஆண் சிலந்திகளை எதிரெதிரே விட்டால், முன்கால்களை உயர்த்தி ஒன்றையொன்று மிரட்டும். 'சண்டைச் சிலந்தி' என்பது அதன் பெயர். இன்று 60 வயதைக் கடந்த தாத்தாக்கள் பலரின் சட்டைப்பையில் ஒரு காலத்தில் அந்தத் தீப்பெட்டி இருந்திருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று சுவரில் ஒரு புள்ளியைக் கண்டு நாற்காலியின்மேல் ஏறி நிற்கிறார்கள். சிலந்தி மாறவில்லை. அதனோடு நமக்கிருந்த பழக்கம்தான் விட்டுப்போனது.

அமைதியாக அகற்றும் வழி

சிலந்தி தொல்லை என்று நினைக்கும் பெற்றோர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

1. விளக்கிலிருந்து தொடங்குங்கள். வாசல் விளக்கு பூச்சியை அழைக்கிறது. பூச்சி சிலந்தியை அழைக்கிறது. நீலம் கலந்த வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்கு குறைவான பூச்சிகளையே ஈர்க்கும். தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுவது அதனினும் நன்று.

2. உணவை நிறுத்துங்கள். இரவில் கழுவாத தட்டு, திறந்த குப்பைத் தொட்டி, தரையில் சிந்திய சோறு ஆகியன கரப்பானுக்கு விருந்து. கரப்பான் இல்லாத வீட்டில் வேட்டைச் சிலந்திக்கு வேலை இல்லை.

3. வழியை அடையுங்கள். கதவின் அடி இடைவெளி, நீர்க்குழாய் நுழையும் துளை, கிழிந்த கொசுவலை ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். பழைய பாடநூல்களை அட்டைப் பெட்டியில் அடுக்குவதைவிட, மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் வைக்கலாம்.

4. ஒட்டடையைத் தீபாவளிவரை சேர்த்து வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மூலைகளைத் துடைத்தால் போதும். வலையோடு முட்டைப் பையும் அகன்றுவிடும். அடிக்கடி வலை கலைந்தால் சிலந்தி தானாகவே வேறிடம் தேடும்.

5. கண்ணெதிரே நிற்கும் சிலந்திக்கு ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு தடித்த அட்டையும் போதும். குவளையை மெல்லக் கவிழ்த்து மூடுங்கள். கால் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையை அடியில் செருகுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோய்ச் செடியோரம் விட்டுவிடுங்கள். பெரிய வேட்டைச் சிலந்திக்கு அகன்ற வாயுள்ள நெகிழிக் கொள்கலன் பொருந்தும்.

6. பூச்சிமருந்தை நாடுவதற்கு முன் ஒருமுறை சிந்தியுங்கள். சிலந்தி நீண்ட கால்களில் உடலைத் தூக்கி நடப்பதால், தரையிலும் சுவரிலும் முன்கூட்டியே அடித்து வைத்த மருந்து அதற்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனால், அந்த நெடியை மூச்சில் இழுப்பது நாமும் நம் பிள்ளைகளும்தான். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு அது தொல்லை தரும். வீட்டில் பயன்படுத்தும் மருந்துகள் பலவற்றில் உள்ள பைரத்திராய்டு வகை, மீன் தொட்டியிலுள்ள மீன்களுக்குக் கடும் நஞ்சு. கட்டாயம் அடிக்க வேண்டியிருந்தால், புட்டியிலுள்ள அறிவுரையைப் படித்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, பின்னர்ச் சன்னல்களை நன்றாகத் திறந்து வையுங்கள்.

7. எலுமிச்சை எண்ணெயைத் தடவினால் சிலந்தி வராது என்று பலர் சொல்வார்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலுமிச்சை எண்ணெய் சிலந்தியை விரட்டவில்லை. வீடு மணக்கும்; அவ்வளவே.

ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது. சிலந்தி கொசுவைத் தின்னும் என்பதால் டிங்கிக் காய்ச்சலிலிருந்து அது நம்மைக் காக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பூச்சட்டியின் அடித்தட்டிலும் கழிவறை வாளியிலும் தேங்கிய நீரை வாரந்தோறும் கொட்டிக் கவிழ்ப்பது நம் வேலை. அதைச் சிலந்தியிடம் ஒப்படைக்க முடியாது.

ஒரே வலை, இரண்டு பார்வை

திருவானைக்காவின் கதையைச் சமய வகுப்பில் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். நாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதிருக்கச் சிலந்தி ஒன்று வலையால் பந்தல் கட்டியது. அதே லிங்கத்தை வழிபட வந்த யானை, அந்த வலையைத் தூய்மைக் கேடு என்று கருதிக் கலைத்தது. சிலந்தி மீண்டும் கட்டியது. யானை மீண்டும் கலைத்தது. இறுதியில் சிலந்தி யானையின் துதிக்கையில் புகுந்து கடிக்க, யானை துதிக்கையை நிலத்தில் அறைய, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பது வரலாறு. 63 நாயன்மார்களில் ஒருவராக அவனை வைத்துப் போற்றுகிறோம்.

இந்தக் கதையைப் பக்திக்கு எடுத்துக்காட்டாகவே நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அதில் வேறொரு பாடமும் இருக்கிறது. யானையும் கெட்டதன்று, சிலந்தியும் கெட்டதன்று. இரண்டும் தூய்மையையே விரும்பின. ஒன்றுக்குப் பந்தலாகத் தெரிந்தது மற்றொன்றுக்கு அழுக்காகத் தெரிந்தது. மற்றதன் நோக்கத்தை அறிய முற்படாததால் இரண்டும் அழிந்தன. ஒட்டடைக்கோல் ஏந்திய நாம் யானையின் இடத்தில் நிற்கிறோம். கலைக்க வேண்டியதைக் கலைப்போம். ஆனால், கலைப்பது இன்னது என்று அறிந்து கலைப்போம்.

நம் ஊர்க் கோயிலொன்றிலும் சிலந்திக்குத் தொடர்பு உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறிச் செல்கிறோம். அப்படிகளின் வழியில் பக்கவாட்டில் இருக்கும் இருட்டுக் குகையில் ஓர் அரிய சிலந்தி வாழ்கிறது. குகைச் சுவரில் குழல்போல் கூடு கட்டி, அதற்கு மூடியும் செய்து, வாசலிலிருந்து சில இழைகளை வெளியே நீட்டி வைத்திருக்கும். இழையில் பூச்சியின் கால் பட்டதும் மூடியைத் தள்ளிக்கொண்டு பாயும். பிற சிலந்திகளில் காண முடியாத கட்டுகள் இதன் வயிற்றின் மேல் இருக்கும். மிகத் தொன்மையான சிலந்தி இனத்தின் எஞ்சிய வகைகளுள் இதுவும் ஒன்று. 1923-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என அப்பெயரிலேயே பத்துமலை இருக்கிறது. காவடி சுமந்து நாம் ஏறும் மலையில் இப்படியோர் உயிர் இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வகுப்பறை மூலையில் சிலந்தியைக் கண்டால், மாணவனை அனுப்பித் துடைப்பத்தால் அடிக்கச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் பாடத்தை நிறுத்துங்கள். எத்தனை கால்கள் என எண்ணச் சொல்லுங்கள். வலை இருக்கிறதா, இல்லையா? வலையில் என்ன மாட்டியிருக்கிறது? அருகில் வர அஞ்சும் மாணவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் தொலைவில் நின்றே பார்க்கட்டும். அவனைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். பிறகு, குவளையாலும் அட்டையாலும் பிடித்து மாணவர்களின் முன்னிலையில் வெளியே கொண்டு விடுங்கள். அடுத்த கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்பு தேட வேண்டிய வேலையும் மிச்சமாகும்.

பெற்றோர்களே, உங்களுக்கே சிலந்தி என்றால் அச்சம் என்றால், அதை மறைத்து நடிக்க வேண்டியதில்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஆனா, மெதுவா வெளியே விட்டுரலாம், வா" என்று சொல்லிவிட்டுக் குவளையைக் கையில் எடுங்கள். அச்சம் இருந்தாலும் நிதானமாக நடந்துகொள்ள முடியும் என்று பிள்ளை அப்போது கற்றுக்கொள்ளும். பள்ளிப் பாடநூலில் இதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. இன்று சிலந்தியிடம் பழகிய அந்த நிதானம், நாளை தேர்வு மண்டபத்திலும் மருத்துவமனையிலும் முன்பின் அறியாத மனிதர்களின் நடுவிலும் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

இவ்வாண்டு ஒட்டடை அடிக்கும்பொழுது, ஏணியின் அடியில் பிள்ளையை நிற்க வையுங்கள். கையில் ஒரு குவளையையும் அட்டையையும் கொடுத்து வையுங்கள்.